ஈயம் ஒட்டுகிறதா? கடினத்தைக் கூட்டாதீர்கள், அளவைப் பாருங்கள்

ஜனவரி 9: வாசகரின் கேள்வி

"என்னிடம் .357 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது. அதில் .38 ஸ்பெஷல் தோட்டாக்களை நானே நிரப்பிச் சுடுகிறேன். 158 கிரெயின் எடையுள்ள வார்ப்பு ஈயக் குண்டு, கடையில் வாங்கியது. பெட்டியில் கடினம் 16 என்று போட்டிருக்கிறது. வேகம் விநாடிக்கு 800 அடிக்குச் சற்று மேல். ஐம்பது சுட்டதும் குழலின் தொடக்கத்தில் ஈயம் அப்பிக்கொள்கிறது, குறி சிதறுகிறது. ஈயம் மென்மையானது, அதனால்தான் உரசி ஒட்டுகிறது. இன்னும் கடினமான உலோகத்துக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் உண்டா?"

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். இதே முடிவுக்கு வந்து நான் இரண்டு ஆண்டுகளை வீணாக்கியிருக்கிறேன்.

ஈயம் ஒட்டுவது பெரும்பாலும் உரசலால் அல்ல, குண்டின் பக்கவாட்டில் கசியும் வாயுவால். வெடிமருந்து எரிந்ததும் பின்னாலிருந்து அழுத்தம் வருகிறது. குண்டு குழலை முழுக்க அடைத்திருந்தால் வாயு அதைத் தள்ளும், அவ்வளவுதான். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கொதிக்கும் வாயு அதன் வழியே சீறிப் பாய்ந்து குண்டின் விளிம்பை அரித்து, அந்த ஈயத்தை முன்னால் இருக்கும் எஃகின் மேல் தெளிக்கும். அடுத்த குண்டு வந்து அதைத் தேய்த்து அழுத்திவிட்டுப் போகும். ஐம்பதாவது குண்டு புறப்படும்போது குழல் வேறு குழலாகியிருக்கும்.

மென்மையான குண்டாக இருந்தால், சற்றுச் சிறியதாக இருந்தாலும் அழுத்தத்தில் அதன் அடிப்பகுதி விரிந்து இடைவெளியை அடைத்துவிட வாய்ப்புண்டு. கடினமான குண்டு விரியாது. மிதமான வேகத்துக்குக் கடினமான குண்டு எதிரி என்று நான் சொல்வது இதனால்தான். உங்களுக்குத் தேவை இன்னும் கடினமான குண்டு அல்ல, சரியான அளவுள்ள குண்டு.

ஜனவரி 10

நேற்று எழுதியதற்கு ஒரு கணக்கு தருகிறேன். கடினம் என்று பெட்டியில் போடுவது பிரினெல் எண். அதை 1,422 ஆல் பெருக்கினால், குண்டு விரிந்து கொடுக்கத் தொடங்கும் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று தோராயமாகக் கிடைக்கும். உங்கள் 16 ஐப் பெருக்கினால் 22,752. சாதாரண .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தமே 17,000 தான். நீங்கள் நிரப்புவதோ உச்சத்துக்குக் கீழே. அந்தக் குண்டு விரிவதற்கு வழியே இல்லை.

கடினம் 12 என்று வைத்தால் 17,064 வருகிறது, .38 ஸ்பெஷலின் உச்சத்தை ஒட்டி. .357 மேக்னத்தின் உச்சம் 35,000. அங்கே 16 ஐப் பற்றி யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஒரே குண்டு, ஒரே துப்பாக்கி, அழுத்தம்தான் வேறு.

ஜனவரி 10, மாலை

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தப் பெருக்கலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடினம் 16 உள்ள குண்டை மிதமான வேகத்தில் சுட்டு, குழல் கண்ணாடிபோல இருப்பவர்களும் உண்டு. அவர்களுடைய குண்டு தொடக்கத்திலேயே இடைவெளியில்லாமல் பொருந்தியிருக்கிறது. விரிய வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை. விரிவது, அளவு தவறியபோது கிடைக்கும் மன்னிப்பு. மன்னிப்பை நம்பித் தப்பு செய்ய வேண்டாம்.

ஜனவரி 12

அளவை எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ரிவால்வரில் மூன்று இடம். ஒன்று, சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் குண்டு வெளியேறும் முன்பக்கக் குறுகிய பகுதி. அதைத் தொண்டை என்போம். இரண்டு, குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டியிருக்கும் பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளம் வரை உள்ள விட்டம். மூன்று, குழலைச் சட்டகத்தில் திருகியிருக்கும் இடம். அங்கே குழல் சற்று நெரிபட்டு உள்விட்டம் குறுகியிருக்கலாம்.

தொண்டையைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். சிலிண்டரைக் காலி செய்து, நிரப்பாத வெறுங்குண்டு ஒன்றை முன்பக்கமிருந்து தொண்டைக்குள் விடுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் போக வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சிறியது. எவ்வளவு அழுத்தியும் போகாவிட்டால் பெரியது. எல்லா அறைகளையும் பாருங்கள். எனக்கு ஒரு பழைய சிலிண்டரில் ஐந்து அறை ஒருவிதமாகவும் ஆறாவது வேறுவிதமாகவும் இருந்தது. அந்த ஆறாவது குண்டுதான் ஒவ்வொரு முறையும் தனியாகப் போய் விழுந்துகொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைக்காலம் ஆயிற்று.

குழலுக்கு, அதன் உள்விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய தூய ஈய உருண்டையை எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி மறுமுனை வரை தள்ள வேண்டும். தள்ளும்போது கையைக் கவனியுங்கள். ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்த உருண்டை, சட்டகத்தின் அருகே சட்டென்று இறுகினால் அதுதான் நான் சொன்ன மூன்றாவது இடம்.

வெளியே வந்த உருண்டையை மைக்ரோமீட்டரில் வைத்து அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழல்களில் பள்ளம் ஐந்து. ஐந்து ஒற்றைப்படை, ஆகவே ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே உண்மையான விட்டத்தைக் காட்டாது, குறைத்துத்தான் காட்டும். எண்ணை விட்டுவிடுங்கள். குழலில் தள்ளிய அதே உருண்டையைத் தொண்டையில் விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போனால் தொண்டை குழலைவிடப் பெரியது, அப்படித்தான் இருக்க வேண்டும். போக மறுத்தால் செய்தி கெட்டது.

ஜனவரி 15

வாசகரின் அளவுகள் வந்துவிட்டன. கடைக்குண்டு 0.357 அங்குலம். ஆறு தொண்டைகளும் 0.3585. குண்டு தானாக வழுக்கி மேசையில் விழுகிறதாம்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அங்குலத்தில் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு இடைவெளி. கடினமான குண்டு, குறைந்த அழுத்தம், சுற்றிலும் சந்து. ஈயம் ஒட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஜனவரி 16

முன்பு ஒருவருக்கு "குண்டைத் தொண்டை அளவுக்குச் செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது" என்று சொல்லியிருந்தேன். அது அரைகுறை. தொண்டை குழலின் பள்ளத்தைவிடச் சிறியதாக இருந்தால், எவ்வளவு பெரிய குண்டை வைத்தாலும் தொண்டை அதைப் பிழிந்து சிறியதாக்கித்தான் குழலுக்கு அனுப்பும். .45 கோல்ட் வகையில் இந்தக் குறை அடிக்கடி வரும். அதற்குத் தீர்வு, தொண்டையைச் சீராகக் கடைந்து பெரிதாக்குவது. அதைத் துப்பாக்கிப் பழுது அறிந்தவரிடம் கொடுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள். இந்த வாசகருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜனவரி 19

"மென்மையான குண்டு பழங்காலத்துக்குத்தான், இப்போது யார் அதைச் சுடுகிறார்கள்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எல்மர் கீத் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். 1955இல் .44 மேக்னம் வெளிவரக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். கனமான .44 தோட்டாக்களைப் பல ஆண்டுகள் சுட்ட அவர் விரும்பிய உலோகம் 16 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். கடினம் 11 அளவில்தான் வரும். குண்டின் அடியில் செம்புக் கிண்ணம்கூட மாட்டமாட்டார். தட்டையான வெறும் அடி, வழுக்கிப் போவதற்காகத் தடவும் மெழுகைத் தாங்க அகலமான பள்ளம், தொண்டையை நிறைக்கும் உடல்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. .357 மேக்னம் 1935இல் வந்தபோது தொழிற்சாலைத் தோட்டாக்களிலும் ஈயக் குண்டுதான் இருந்தது. அந்த வேகத்தில் குழலை ஈயத்தால் நிரப்பியதற்கு அவை பெயர்போனவை. மென்மைக்கும் எல்லை உண்டு. நான் மிதமான வேகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 24

வாசகர் தாமே வார்க்கத் தீர்மானித்துவிட்டார். நல்லது. தமிழில் காரீயம், வெள்ளீயம் என்று இரண்டுக்கும் ஈயம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் வாங்கும்போது குழப்பம் வரும். குண்டின் பெரும்பகுதி காரீயம். அது 327 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளீயம் 232இல் உருகும். ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தால் போதும், உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். கடினம் தருவது ஆன்டிமனி. .38 ஸ்பெஷலுக்கு 96 பங்கு காரீயம், 3 பங்கு ஆன்டிமனி, ஒரு பங்கு வெள்ளீயம் என் கைக்கு ஒத்துவந்த கலவை.

சட்டியின் வெப்பம் 370 டிகிரி அளவில் இருக்கட்டும். வாகனச் சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய எடைக்கட்டிகளை உருக்கினால் அவற்றில் துத்தநாகக் கட்டிகள் கலந்திருக்கும். துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும். வெப்பத்தை அடக்கி வைத்தால் அது மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். பொறுமை இழந்து சூட்டை ஏற்றினால் கரைந்துவிடும்; பிறகு சட்டி முழுக்கக் கூழ்போலத் திரிந்து, ஊற்றுகிற குண்டெல்லாம் மூளியாக வரும். ஒரு முறை பதினைந்து கிலோவை அப்படிக் கெடுத்தேன்.

முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் சுருக்கம் விழுந்து வரும். அச்சு இன்னும் சூடேறவில்லை என்று பொருள். அவற்றைச் சட்டியிலேயே திரும்பப் போடுங்கள். ஊற்றியதும் அச்சின் மேல்தகட்டில் நிற்கும் சொட்டைப் பாருங்கள். முதலில் பாதரசம்போலப் பளபளக்கும். இரண்டு மூன்று விநாடி கழித்து அதன் நடுவில் ஒரு சிறு குழி விழும், உடனே மூச்சுப்பட்ட கண்ணாடிபோல மங்கும். அந்த மங்கலுக்குப் பிறகு இன்னும் இரண்டு எண்ணிக்கை விட்டுத் தகட்டைத் திருப்புங்கள். அவசரப்பட்டால் குண்டின் அடி பிய்ந்து வரும். மூக்கில் சின்னக் குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். அடியில் குறை உள்ள குண்டை நான் வைத்துக்கொள்வதே இல்லை. குழலைவிட்டு வெளியேறும் கணத்தில் வாயு கடைசியாகத் தள்ளுவது அந்த அடியைத்தான்.

ஆன்டிமனி கலந்த குண்டு வார்த்த அன்று ஒரு கடினம், இரண்டு வாரம் கழித்து வேறு கடினம். உட்கார்ந்திருக்கும்போதே இறுகும். அன்றைக்கே சோதித்துவிட்டு முடிவு எழுதாதீர்கள்.

ஜனவரி 25

நேற்று முதலில் எழுதியிருக்க வேண்டியது இது. உருகிய ஈயத்தில் ஈரம் படக்கூடாது. ஈரமான கட்டி ஒன்று மேற்பரப்புக்குக் கீழே போனால் நீர் அக்கணமே ஆவியாகிச் சட்டியிலுள்ள ஈயத்தை மேலே வீசும். எனக்கு நடந்தபோது கட்டியின் ஒரு மடிப்புக்குள் மழைநீர் ஒளிந்திருந்தது. வெளியே தொட்டுப் பார்த்தபோது காய்ந்துதான் இருந்தது. முகக்கவசத்தின் கண்ணாடியில் இடதுகண்ணுக்கு நேரே காசு அளவுக்கு ஒரு வெள்ளிப்பொட்டு உறைந்திருந்தது. அந்தக் கவசத்தைப் பட்டறையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். புதுக் கட்டிகளைக் குளிர்ந்த சட்டியிலேயே அடுக்கி, அதோடு சேர்த்துச் சூடேற்றுவதுதான் இப்போது என் வழக்கம். உருகிய ஈயம் உள்ள சட்டியில், அப்போதே வார்த்த குண்டைத் தவிர வேறெதையும் போடுவதில்லை.

பிப்ரவரி 2

வாசகர்: "0.3585க்கு அழுத்திய, கடினம் 11 உள்ள குண்டு. தொண்டையில் விரலழுத்தத்தில் போகிறது. ஈயம் பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. அதே இடத்தில், குழலின் முதல் அங்குலத்தில்."

யோசிக்க வேண்டும். முனையருகே ஒட்டியிருந்தால் மெழுகு போதவில்லை, வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். தொடக்கத்தில் ஒட்டினால் இன்னும் வாயுதான் கசிகிறது. பொருந்தும் குண்டில் வாயு எப்படிக் கசியும்?

பிப்ரவரி 3

இரவெல்லாம் இதுதான் ஓடியது. ஒன்று செய்யுங்கள். நிரப்பி முடித்த தோட்டாவிலிருந்து ஒரு குண்டைக் கழற்றி எடுங்கள், சுத்தியல்போலத் தட்டிக் கழற்றும் கருவி இருக்கிறதே அதால். கழற்றிய குண்டை அளந்து பாருங்கள். நாம் இதுவரை அளந்ததெல்லாம் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் போகாத குண்டு.

பிப்ரவரி 4

0.356!

உள்ளே போகும்போது 0.3585, வெளியே வரும்போது 0.356. பித்தளைக் கூடு அந்த மென்மையான குண்டை நெரித்திருக்கிறது. கூட்டின் வாயை விரிக்கும் முளையை அளக்கச் சொன்னேன்: 0.354. செம்புறை போட்ட குண்டுகளுக்கென்று செய்த முளை அது. செம்புறைக் குண்டு விறைப்பாக நின்று கூட்டை விரித்துக்கொள்ளும். ஈயக் குண்டு கூட்டுக்கு அடங்கிப்போகும்.

ஆக, என் முதல் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. "சரியான அளவுள்ள குண்டு" என்று எழுதினேன். சுடும் நேரத்தில் சரியான அளவுள்ள குண்டு என்று எழுதியிருக்க வேண்டும். மென்மையான குண்டுக்கு மாறச் சொன்ன நான், மென்மையான குண்டுதான் கூட்டிடம் முதலில் தோற்கும் என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் அவரை அலையவிட்டதில் எனக்குப் பங்கு உண்டு.

செய்ய வேண்டியது: 0.357 முளை. இரண்டு படியாக இருப்பது நல்லது. முதல் படி கூட்டின் உட்சுவரைக் குண்டு இறங்கும் ஆழம் வரை விரிக்கும். இரண்டாவது படி வாயை மட்டும் இம்மியளவு அகட்டும், குண்டின் அடி சுரண்டுபடாமல் நேராக உட்காரும். குண்டைப் பொருத்துவதும் கூட்டின் விளிம்பை மடக்குவதும் இரண்டு தனி வேலைகளாக இருக்கட்டும். ஒரே இழுப்பில் இரண்டையும் செய்தால், குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே விளிம்பு அதைக் கடித்து ஈயத்தைச் சீவும்.

பிப்ரவரி 8

மருந்து எத்தனை கிரெயின் போட வேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதமாட்டேன். மருந்து தயாரிப்பவர் வெளியிடும் அட்டவணையில் உங்கள் குண்டின் எடைக்கு, உங்கள் மருந்தின் பெயருக்கு நேரே பாருங்கள். தொடக்க அளவில் தொடங்குங்கள். முன்பின் தெரியாத ஒருவன் எழுதிய எண்ணை நம்பிக் கையையும் கண்ணையும் பணயம் வைக்காதீர்கள். அந்த ஒருவன் நானாக இருந்தாலும்தான்.

மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இருப்பது வேறு. .38 ஸ்பெஷல் 1898இல் வந்தது. கரும்மருந்துக் காலத்துக் கூடு, அதனால் நீளம். இன்றைய வேகமருந்து மிதமான அளவில் அந்தக் கூட்டின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டாம் முறை ஊற்றினாலும் கூடு வழியாது. வழியாததால் தெரியாது. துப்பாக்கி பிளக்கும்போதுதான் தெரியும்.

அதற்கு எதிர்ப்பக்கம், மருந்தே விழாத கூடு. அது எனக்கு நடந்தது. வழக்கமான ஓசை வரவில்லை, யாரோ தொண்டையைச் செருமியதுபோல ஒரு சத்தம். அட்டையில் ஓட்டை இல்லை. விரல் தன் பழக்கத்தில் அடுத்த முறைக்கு இறுகத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மூத்தவர் "நிறுத்து" என்று கத்தினார். சிலிண்டரைத் திறந்து பின்பக்கமிருந்து குழலைப் பார்த்தால் வெளிச்சம் இல்லை. மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியான பிரைமரின் வேகத்தில் மட்டும் கிளம்பிய குண்டு குழலின் நடுவில் சிக்கி நின்றது. அதன் பின்னால் இன்னொன்றை அனுப்பியிருந்தால் இதை எழுத எனக்கு வலதுகை இருந்திருக்காது.

அன்றிலிருந்து ஐம்பது கூடுகளையும் ஒரே பலகையில் நிறுத்தி, மருந்து ஊற்றி முடித்ததும் கைவிளக்கை எடுத்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்க்கிறேன். மட்டம் ஒத்திருக்க வேண்டும். பார்க்காத கூட்டில் குண்டு ஏறாது. அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை.

பிப்ரவரி 11

குழலில் ஏற்கெனவே அப்பிய ஈயத்தை எப்படி எடுப்பது? தூரிகையின் மேல் தூய செம்பு இழைகளைச் சுற்றி, எண்ணெய் விட்டு இழுங்கள். தகடு தகடாக உரிந்து வரும். இழைகள் காந்தத்தில் ஒட்டாதவையா என்று முதலில் பாருங்கள். செம்பு பூசிய இரும்பு குழலைக் கீறிவிடும்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈயம் கரையும், உண்மைதான். கரைந்து ஈய அசிடேட் ஆகும். தோல் வழியாகவே உடலில் இறங்கும் நஞ்சு. எஃகையும் அரிக்கும். கடைசியில் நாலு செம்புறைக் குண்டு சுட்டுத் துடைத்துவிடலாம் என்பதும் வேண்டாம். அப்பிய ஈயத்தால் குறுகிய குழலில் விறைப்பான குண்டை ஓட்டுவது அழுத்தத்தை ஏற்றும் வேலை.

பிப்ரவரி 20

"ஈயப் புகை உங்களுக்குப் பயமில்லையா?" என்று ஒரு கேள்வி. 370 டிகிரியில் ஈயம் ஆவியாவது மிகமிகச் சொற்பம். அது கொதிப்பது 1,749 டிகிரியில். பயப்பட வேண்டியது தூசிக்கு. சட்டியின் மேல் அள்ளும் கசடு காய்ந்தால் மாவுபோலப் பறக்கும்.

எனக்கு இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதாக ஒருமுறை பரிசோதனையில் வந்தது. வார்ப்பை நிறுத்திவிட்டேன், எண் இறங்கவில்லை. சுட்ட கூடுகளைத் துலக்கும் உருளை இயந்திரம்தான் காரணம் என்று பிறகு புரிந்தது. பிரைமரில் ஈய உப்பு இருக்கிறது, லெட் ஸ்டிப்னேட். சுட்ட கூட்டின் கரியில் அது தங்கி, துலக்கும் உமியில் சேர்ந்து, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது தண்ணீரில்தான் துலக்குகிறேன், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். எண் சில மாதங்களில் இறங்கியது. எலும்பில் சேர்ந்தது அங்கேயே பல ஆண்டுகள் இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் பட்டறைச் சட்டையோடு அதைத் தூக்காதீர்கள்.

மார்ச் 1

வாசகர்: "புது முளை. கழற்றி அளந்தேன், 0.3583. நூறு சுட்டேன். துணியை இழுத்தேன், சாம்பல் நிறம் மட்டும். ஆறு குண்டும் ஒரே கைக்குள் அடங்குகின்றன."

இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 2

மீதமிருக்கும் அந்தக் கடைக்குண்டுகளை என்ன செய்வது என்று கேட்கிறார். பெட்டியில் 92-6-2 என்று போட்டிருக்கிறதாம். 92 காரீயம், 6 ஆன்டிமனி, 2 வெள்ளீயம். அதே எடைக்குத் தூய காரீயம் சேர்த்து உருக்குங்கள். 96-3-1 வந்துவிடும், நீங்கள் இப்போது வார்க்கும் அதே கலவை. குண்டில் தடவியிருக்கும் மெழுகு புகைந்து தீப்பிடிக்கும், திறந்தவெளியில் வைத்து உருக்குங்கள். அந்த மெழுகோடு சேர்த்தே நன்றாகக் கிளறுங்கள், கசடு தனியே பிரிந்து மேலே வரும். கசடை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.